சீல் உடையாத கையெழுத்து

ஜெயகணேஷைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், கையைச் சுத்தமாக வைத்திருப்பவன் என்பேன். சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்த பிறகுதான் கிரிக்கெட் அட்டையைத் தொடுவான். பெற்ற பிள்ளையைத் தூக்கும்போதுகூட அவன் அப்படிக் கழுவியதில்லை என்று அவன் மனைவி ரம்யா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் அருணாசலவடிவு. தூத்துக்குடி டூவிபுரத்தில் ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். வளையல், கிளிப், சோப்பு டப்பா, பூட்டு, பிளாஸ்டிக் பேட், பிறந்தநாள் தொப்பி என்று கைக்கு அடக்கமான சாமான்கள் எல்லாம் கிடைக்கும். என் வீட்டுக்காரரும் கடையில் உட்காருவார். மதியம் மட்டும், அதுவும் தூங்குவதற்கு. வியாபாரம் என்னுடையது. ஜெயகணேஷ் எங்கள் தெருப் பையன். அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து பார்க்கிறேன் என்பதால் அவனை ‘ஏலே’ என்று கூப்பிடும் உரிமை எனக்கு உண்டு. இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது, முன்வழுக்கை, ஒரு பெண் குழந்தை. உரிமை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அவன் அப்பாவுக்குக் கருப்பட்டி மண்டி. மனிதர் கருப்பட்டியை உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டால், சீனி கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். மகன் எதையும் உடைக்க மாட்டான். சின்ன வயதில் சென்னையிலிருந்து ஒரு அத்தை அவனுக்கு பேட்டரி கார் வாங்கி வந்தாள். அட்டைப்பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கும், உள்ளே கார் தெரியும். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நிற்க, இவன் அந்தப் பெட்டியையே தரையில் தள்ளி விளையாடினான். கார் வெளியே வரவே இல்லை. பேட்டரி உள்ளேயே ஒழுகிப் பச்சையாகப் பூத்துப்போனதுதான் மிச்சம்.

இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கேட்டில் நிற்க வேண்டும். டிரெய்லரில் வரும் ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் விரல் தடிமனில் ஓர் இரும்பு சீல் மாட்டியிருக்கும். சீலில் நம்பர் இருக்கும். காகிதத்தில் உள்ள நம்பரும் அந்த நம்பரும் ஒன்றா, சீலை யாராவது நோண்டியிருக்கிறார்களா என்று பார்த்து உள்ளே விட வேண்டும் அல்லது வெளியே விட வேண்டும். உள்ளே இருப்பது பஞ்சா பருப்பா என்பது அவன் கவலை இல்லை. கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையை அளந்து வைத்திருக்கிறார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது இவனைப் பார்த்துத்தான்.

ஒருமுறை ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக் கொட்டை என்று ஒரு கன்டெய்னர் வந்தது. சீல் உடையவில்லை, நம்பர் ஒத்துப்போனது, இவன் விட்டுவிட்டான். ஃபேக்டரியில் திறந்து பார்த்தால் பாதி மூட்டைகளில் மண். யார்டில் இவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “சீல் சரியா இருந்துச்சு சார்” என்று படத்தோடு காட்டினான். யார்டின் மேல் தப்பில்லை என்று ஆனதால் அதிகாரிகள் இவனைத் தட்டிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தான். முந்திரிக்குப் பதில் மண் வந்ததற்கு இனிப்பு வழங்கிய ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. லட்டைத் தின்றேன், அது வேறு விஷயம்.

அந்த நாள் முதல் உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவனுக்கு மூடிதான் கண்ணில் படும். கல்யாண வீட்டில் தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கினால் தலைகீழாகத் திருப்பி, மூடியின் பல்லை எண்ணுகிற மாதிரி பார்ப்பான். கடையில் பிஸ்கட் வாங்கினால் ஒட்டிய இடத்தை நகத்தால் தடவுவான். ரம்யாவைப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் மிக்சர் பாக்கெட்டை அவன் முன்னால்தான் பிரித்தார்களாம்.

அட்டைப் பைத்தியம் என் கடையில்தான் தொடங்கியது. பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட், உள்ளே ஐந்து கிரிக்கெட் அட்டைகள், யார் படம் வரும் என்று பிரிக்கும்வரை தெரியாது. கயிற்றில் சரமாகத் தொங்கவிட்டிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து மொய்க்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே மீசை வைத்த இவனும் நிற்பான். சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்த காலம். சும்மா சொல்லக் கூடாது, அப்போது அவனிடம் ஒரு வித்தை இருந்தது. பாக்கெட்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து லேசாக வளைப்பான். சாதா அட்டை ஒரு மாதிரி வளையும், மினுமினு அட்டை ஒரு மாதிரி வளையுமாம். “இதுல இருக்குக்கா” என்பான். பிரித்தால் இருக்கும். பிள்ளைகள் காசை நீட்டிக்கொண்டு ‘மாமா எனக்குப் பாத்துத் தாங்க’ என்று அவன் சட்டையைப் பிடித்து இழுக்கும். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

பிறகு கையில் பெரிய போன் வந்தது. போனுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு. டெல்லி, பம்பாய், கொச்சி என்று எங்கெங்கோ இருக்கும் அட்டைக்காரர்கள். அவர்கள் இவனுக்குக் ‘கண்டிஷன்’ என்ற ஒரு வார்த்தையைக் கற்றுக் கொடுத்தார்கள். அதோடு என் பிழைப்பில் மண் விழுந்தது.

ஒரு நாள் சரத்தில் இருந்து ஒரு பாக்கெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டினான்.

“எக்கா, உங்க கடை அட்டையில உப்பு இருக்கு.”

“என்னல சொல்லுத?”

“கடல் காத்துக்கா. அட்டை வளையுது. ஓரம் மழுங்குது. போறவன் வாரவன் எல்லாம் தடவுதான். ஆன்லைன்ல வாங்குனா யாரு கையும் படாம சீலோட வருது.”

தடவியவன் யார்? சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து என் கடைப் பாக்கெட்டை எல்லாம் தடவித் தடவிச் சாயம் போக வைத்தவன் இவன்தான். கடல் காற்றுப் படாத அட்டை வேண்டும் என்கிறவன் கொரியரை எங்கே வாங்குகிறான்? இதே தூத்துக்குடியில்தான். அவன் வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவே நாலு வீடு. அந்த நாலு வீட்டுத் தூரத்தில் உப்பு நின்றுவிடுமா?

அதற்கும் வழி செய்துவிட்டான். உள் அறையில் இரும்பு பீரோ, பீரோவுக்குள் அட்டை, அட்டைகளுக்கு நடுவே கன்டெய்னரில் ஈரம் உறிஞ்சப் போடும் சின்னச் சின்னப் பைகள். போதாது என்று அந்த அறைக்கு ஏசி. ரம்யாவும் குழந்தையும் வெளி அறையில் டேபிள் ஃபேனைப் பங்கு போட்டுக்கொண்டு தூங்குவார்கள். கொரியர் வந்தால் ரம்யா போனைப் பிடித்து வீடியோ எடுக்க வேண்டும், இவன் ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி கத்தரிக்கோலை நீட்டுவான். உள்ளே இருக்கும் பாக்கெட்டைப் பிரிப்பானா என்றால் அதுதான் இல்லை. சீல் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுவான். உள்ளே யார் படம் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. பேட்டரி காரில் பட்டது போதாது போல.

என் கடைக்கு வருவதை விட்டானா? விடவில்லை. வருவான், சாமானைப் பார்ப்பான், போனில் விலை பார்ப்பான், ‘அங்கன கொறைச்சல்’ என்று எனக்கே தகவல் சொல்லிவிட்டுப் போவான். என் கடை ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டுதான் ஆர்டர் போடுவான். நானும் வெட்கம் கெட்டுப் போய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது தேவபிரசாதம் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் யாரோ பணம் போட்டுத் தென்மாவட்டங்களுக்கு என்று ஒரு இருபது ஓவர் போட்டி நடத்தினார்கள். எங்கள் ஊர் அணிக்கு முத்துநகர் சுறா என்று பெயர். ஒரே ஒரு சீசன் நடந்தது, அப்புறம் நடத்தியவர்களைக் காணோம். காட்டிய டிவி சேனலும் இப்போது இல்லை. அதற்கும் அட்டை போட்டார்கள். கடைசியாக அடித்து அனுப்பியதில் நான் மூன்று பெட்டி எடுத்தேன். எந்தச் சரக்கு புதிதாக வந்தாலும் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பெட்டிக்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவோம். மற்றதெல்லாம் விற்ற பிறகுதான் அதைத் தொடுவது. சுறா அட்டையில் இரண்டு பெட்டி இழுத்துப் பிடித்து விற்றது. பொட்டு வைத்த மூன்றாவதைக் கேட்க நாதியில்லாமல் சாமிக்குக் காவல் இருந்தது.

அந்த அட்டைகளில் ஒன்று தேவபிரசாதம் என்ற இடதுகை பந்துவீச்சாளருடையது. கீழவைப்பார்க்காரர். கடைசி நேரத்தில் அணியில் சேர்த்ததால் அவருடைய அட்டையைத் தனியாக, வேறு அச்சகத்தில், கொஞ்சமாக அடித்துக் கடைசிப் பெட்டிகளில் மட்டும் கலந்தார்களாம். அதனால் அட்டைக்காரர்கள் குழுவில் அதற்கு ஏகக் கிராக்கி. ஜெயகணேஷிடம் மற்ற எல்லாம் இருந்தது, இது ஒன்று இல்லை. சோறு இறங்காமல் அலைந்தான்.

நான்தான் சொன்னேன், “ஏலே, சாமி படத்துக்குக் கீழ ஒரு பெட்டி கெடக்கு. கடைசியா வந்த சரக்குதான். பிரிச்சுப் பாரு.”

பெட்டியைக் கையில் எடுத்தான். பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தது. திருப்பினான். பொட்டைப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

“எக்கா, கறை.”

“கறையா? குங்குமம்ல அது!”

“குங்குமமோ என்னமோ, பெட்டி டேமேஜ்க்கா. இதுல அவரு இருக்காருன்னும் நிச்சயம் இல்ல. ஆன்லைன்ல ஒருத்தர் போட்டிருக்காரு. தேவபிரசாதமே கையெழுத்துப் போட்ட அட்டை. சான்றிதழ் நம்பரோட சீல் வச்சது.”

அதை வாங்கியும் விட்டான். என்ன விலை என்று கேட்டேன், சொல்லவில்லை. ரம்யா சொன்னாள். அந்த மாதம் அவள் என் கடையில் குழந்தைக்கு ஒரு ரப்பர் பேண்டுகூட வாங்கவில்லை.

போன ஆனி மாதம் ஒரு மதியம் நல்ல உயரமாக ஒருவர் கடைக்கு வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சூட்கேசுக்குச் சின்னப் பூட்டு கேட்டார். எடுத்துப் போட்டேன். இடது கையை நீட்டியவர் பாதியிலேயே நிறுத்தி, வலது கையால் எடுத்துக்கொண்டார். பூட்டைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஜெபமாலை கிடந்ததால் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். பிறகுதான் தெரிந்தது, அவர் பார்த்தது சாமியை இல்லை, பெட்டியில் இருந்த சுறாவை.

“எக்கா, அந்தச் சுறா அட்டை... அதுல நானும் இருக்கேன்னு சொல்லுதாங்க. நான் பாத்தது இல்ல.”

கடைக்கு வருகிறவன் சொல்வதை எல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. “எத்தனை மேட்ச் ஆடுனீங்க?” என்று கேட்டேன்.

“மூணுக்கா.”

“எத்தனை விக்கெட்?”

“ரெண்டு. அதுலயும் ஒண்ணு ரன் அவுட்டு, என் கணக்குல வராது.”

நம்பிவிட்டேன். பொய் சொல்கிறவன் இருபது விக்கெட் என்றுதான் சொல்வான், இருந்த இரண்டையும் குறைத்துச் சொல்ல மாட்டான். தேவபிரசாதம்தான். மூன்றாவது மேட்சில் தோள் விலகியது, அப்புறம் கை மேலே போகவில்லை. அட்டை அச்சாகி வந்தபோது இவர் வேம்பாரில் விசைப்படகில் இருந்திருக்கிறார். இப்போது குவைத்துக்குப் படகு வேலைக்குப் போகிறார். அன்று சாயங்காலம் வண்டி.

“என் பொண்டாட்டி ஜெப்ஸி, தோள் போன பெறவு வந்தவ. நான் பந்து போட்டு அவ பாத்தது இல்லக்கா. அவ நம்புதா, அதெல்லாம் நம்புதா. எனக்குத்தான் இப்பம்லாம், நெசமா ஆடுனோமான்னு வருது. ஒரு அட்டை கெடச்சா அவகிட்ட குடுத்துட்டுப் போயிருவேன். விலை என்னன்னாலும் சரி.”

சாமிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கலாம் என்று கை போனது. ஆனால் அதில் இருக்கிறதோ இல்லையோ. இல்லையென்றால் மனிதர் வெறுங்கையோடு போவார். ஜெயகணேஷிடம் இருப்பது நிச்சயம். அதனால் அவனுக்குப் போன் போட்டேன். எனக்கு வேறு புத்தி வரவில்லை.

“எக்கா, நெசமாவே ஆளு அங்கன நிக்காரா? போகவிட்டுராதீங்க, வாரேன்!” என்று கத்தினான்.

யார்டில் போடும் பளபளப்புச் சட்டையோடு, வழியில் வீட்டில் பீரோவைத் திறந்துவிட்டு, பைக்கில் வந்து இறங்கினான். சட்டைக்குள் இருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தான், துண்டுக்குள் வெல்வெட் பை, பைக்குள் கெட்டிக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் வில்லை, அதற்குள் அட்டை. தேவபிரசாதத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அட்டையை நடுவில் பிடித்து செல்பி எடுத்தான். ஆளோடு படம் இருந்தால் அட்டைக்கு மதிப்பு கூடுமாம். அவர் கையில் அதைக் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டினான்.

தேவபிரசாதம் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். படத்தில் கை வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டார், “அண்ணாச்சி, இதுல என்ன இங்கிலீஷ்ல கிறுக்கியிருக்கு?”

“உங்க கையெழுத்துதான்.”

“நான் இந்த அட்டையவே இன்னைக்குத்தான் பாக்கேன். பெறவு எப்படி கையெழுத்துப் போட்டிருப்பேன்?”

எந்த மனிதனும் இந்த இடத்தில் கொஞ்சம் ஆடிப்போவான். ஜெயகணேஷ் ஆடவில்லை. கேட்டில் டிரைவர்களிடம் பேசுகிற குரலில், பொறுமையாக, வில்லையைத் திருப்பிக் காட்டினான். பின்னால் ஒட்டியிருந்த நம்பரைப் படித்தான். போனை எடுத்து, அந்த நம்பரைத் தட்டி, திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பாத்தீங்களா, ஒத்துப்போகுது. சீல் உடையல. நீங்க போட்டிருப்பீங்க, மறந்திருக்கும்.”

“ஏலே கோட்டிக்காரா!” என்றேன். “ஆளே முன்னால நின்னு நான் போடலன்னு சொல்லுதாரு. அவரவிட அந்த ஸ்டிக்கருக்குத் தெரியுமா?”

“எக்கா, ஆளுங்க ஆயிரம் சொல்லுவாங்க. நான் பதினஞ்சு வருஷமா இதத்தான் பாக்கேன். நம்பர் ஒத்துப்போனா முடிஞ்சுது.”

அவன் சும்மா வீம்புக்குச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. உண்மையாகவே அப்படி நம்பினான். மண் மூட்டைக்கு லட்டுக் கொடுத்தவன் வேறு எப்படி நம்புவான்?

தேவபிரசாதம் சண்டை போடவில்லை. “கையெழுத்து யாரு போட்டா என்ன அண்ணாச்சி, படம் என் படம்தான். அத வெளிய எடுத்து ஒருக்க கையில தாங்க. பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டுத் தாரேன்” என்றார்.

“வெளியவா? ஒடைச்சா போச்சு! கண்டிஷனே போயிரும்!”

“அப்பம் விலைக்குத் தாரீங்களா?”

ஜெயகணேஷ் விலை சொல்லவில்லை. சிரித்தான். உங்களால் முடியாது என்று சொல்லாமல் சொல்லும் சிரிப்பு. படத்தில் இருக்கிறவனிடமே அந்தப் படத்தை வாங்க உனக்கு வக்கில்லை என்று சிரித்த அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது.

சாமி படத்துக்குக் கீழே இருந்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன்.

“எக்கா, என்ன செய்யுதீங்க?” ஜெயகணேஷின் குரல் கீச்சென்று வந்தது. “பிரிச்சிராதீங்க! அது சீல் பெட்டிக்கா. இப்பம் நாட்டுலயே இதுமாதிரி பெட்டி கெடையாது. நானே எடுத்துக்கிடுதேன், அப்படியே தாங்க!”

“டேமேஜ்னு சொன்னியேல? கறைன்னு சொன்னியே?”

“கறை இருந்தாலும் பரவாயில்ல.”

ஒரு விலை சொன்னான். கடைக்காரிக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கத்தரிக்கோல் ஒரு நிமிஷம் நின்றது. அந்த ஒரு நிமிஷத்தில் தேவபிரசாதம் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இருக்கட்டும்க்கா, உங்களுக்கு எதுக்கு நட்டம்” என்றார். நான் குங்குமப் பொட்டின் மேலேயே கத்தரியை வைத்து, ஒரே இழுப்பில் உறையைக் கிழித்தேன். ஜெயகணேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

பெட்டிக்குள் பாக்கெட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. நான் பிரிக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர்கூட எழுந்து வந்து ஒரு கை கொடுத்தார். மேசை நிறைய அட்டை. திருநெல்வேலிக்காரன், நாகர்கோவில்காரன், விருதுநகர்க்காரன் எல்லாரும் வந்தார்கள், கீழவைப்பார்க்காரர் வரவில்லை. தேவபிரசாதம் கடிகாரத்தைப் பார்ப்பதும் மேசையைப் பார்ப்பதுமாக நின்றார். பெட்டியில் பாதிக்கு மேல் காலி.

“ஏலே,” என்றேன், “மரம் மாதிரி நிக்காத. தடவிப் பாத்தே சொல்லுவியே ஒரு காலத்துல. இப்பம் சொல்லு பாப்போம். இல்ல அதையும் ஆன்லைன்ல வித்துட்டியா?”

வில்லையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கையை நீட்டினான். முதலில் இரண்டு விரல் நுனியால் தொட்டான். பிறகு, பழக்கம் எங்கே போகும், ஒரு பாக்கெட்டை எடுத்து லேசாக வளைத்தான். வைத்தான். இன்னொன்றை வளைத்தான், வைத்தான். கையைக் கழுவவில்லை என்பதுகூட அவனுக்கு ஞாபகம் இல்லை. ஒன்றில் விரல் நின்றது. திரும்ப வளைத்தான். வேறு அச்சகத்து அட்டை என்றால் தாளும் வேறாகத்தானே இருக்கும். முகம் பத்து வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது.

“இதுல இருக்குக்கா” என்றான்.

தேவபிரசாதம் வாங்கிப் பிரித்தார். நடுவில் இருந்தது. கடல் காற்றில் பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் எல்லாம் வளைந்து, கிறுக்கல் எதுவும் இல்லாமல், கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு இருந்தார். பின்பக்கத்தைத் திருப்பி, உதட்டை அசைத்துப் படித்தார். ஊர் கீழவைப்பார் என்று போட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“நான்தான்க்கா” என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அதை மறைக்கவில்லை.

பாக்கெட்டின் விலை பத்து ரூபாய், பூட்டின் விலை தனி. இரண்டையும் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அட்டையைச் சட்டைப்பையில் அப்படியே செருகினார். “ஐயோ, முனை மடங்கிரும்!” என்று ஜெயகணேஷ் பதறினான். தேவபிரசாதம் அதைக் காதில் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

அப்போதுதான் ஜெயகணேஷுக்கு என்ன தோன்றியதோ. என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, கிடைத்த ஒரு காலி பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் பின்னால் ஓடினான்.

“தம்பி, தம்பி! எனக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போங்க. இதுலயே போதும்.”

தேவபிரசாதம் திரும்பினார். கோபமே இல்லை அவர் முகத்தில். இருந்திருந்தால் ஜெயகணேஷ் தப்பித்திருப்பான்.

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்? உங்ககிட்டதான் சீல் வச்சதே இருக்குல்லா” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.

ஜெயகணேஷ் தெருவில் பேனாவோடு நின்றான். அவர் முனை திரும்பி மறைந்த பிறகும் நின்றான். பிறகு உள்ளே வந்து, சட்டைக்குள் இருந்த வில்லையை எடுத்து அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அவன் நம்பரைப் பார்க்கவில்லை. இந்த ஆள் இப்போது அதை உடைப்பான், குறைந்தது தரையிலாவது எறிவான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் குனிந்து, தரையில் கிடந்த கிழிந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தான். குங்குமப் பொட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, மேசையில் வைத்து நீவிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“எக்கா, இத மறுபடி ஒட்ட முடியுமா?”

நான் விளக்குமாற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.